ஆள் மாறினால் நகை மாறுமா?
‘லொள்ளு சபா’வின் மாறுகாலம் பற்றிய ஓர் ஆய்வு

முன்னுரை

ஒரு நகைச்சுவைக் குழுவில் எல்லோரையும் அதிகமாகச் சிரிக்க வைத்தவர் விலகிச் சென்றபின் அந்தக் குழு என்ன ஆகிறது? இந்த ஒரு கேள்விக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கேள்வி சிறியதாகத் தோன்றலாம். பரீட்சைக் காலத்தில் தொலைக்காட்சி நகைச்சுவையைப் பற்றி எழுதுவதா என்று பெற்றோர் நினைக்கவும் கூடும். ஆனால் ஆண்டுதோறும் உயர்தர மாணவியர் விடைபெற்றுச் செல்லும் எந்தப் பாடசாலைக்கும் இது சொந்தக் கேள்வி. நாடகக் குழுவுக்கும், பட்டிமன்றக் குழுவுக்கும், இலக்கிய மன்றத்துக்கும் இதே நிலை வருகிறது. “அந்த ராத்தாமார் போன பிறகு முந்தி மாதிரி இல்லை” என்ற பேச்சை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அந்தப் பேச்சு எந்த அளவுக்கு உண்மை என்பதை, நமக்குத் தெரிந்த ஒரு நிகழ்ச்சியை வைத்து ஆராய்ந்து பார்ப்போம்.

தனித்தனிச் சிறு நாடகங்களாக, ஒரே குழுவினர் வாரந்தோறும் புதிய வேடம் போட்டு நடிக்கும் தொலைக்காட்சி நகைச்சுவையையே இங்கு ‘துணுக்கு நாடகம்’ என்று குறிப்பிடுகிறேன். தொடர்கதை நாடகத்தில் ஒரு நடிகர் விலகினால் அவருடைய பாத்திரத்தை வெளிநாட்டுக்கு அனுப்பிவிடலாம். விபத்தில் இறக்கவும் வைக்கலாம். துணுக்கு நாடகத்தில் அந்த வழி கிடையாது. அங்கே கதை இல்லை, குழுதான் உண்டு. ஆள் விலகினால் அந்த வெற்றிடம் நேயரின் கண்ணுக்கு நேராகத் தெரியும்.

நகை நான்கு வழி

ஆய்வுக்கு ஓர் அளவுகோல் வேண்டும். அது நம் பாடப்பரப்புக்கு அருகிலேயே இருக்கிறது. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகள் கூறப்படுகின்றன. அவற்றுள் முதலாவதாக வைக்கப்பட்டிருப்பது நகை. அந்த நகை நான்கு நிலைக்களன்களிலிருந்து பிறக்கும் என்பது தொல்காப்பியர் கருத்து.

முதலாவது எள்ளல். பிறரை இகழ்ந்து பேசுவதால் வரும் சிரிப்பு இது. பிறர் நம்மை இகழும்போது பிறக்கும் சிரிப்பையும் உரையாசிரியர்கள் இதில் சேர்ப்பர். இரண்டாவது இளமை. சிறுபிள்ளைத்தனமான பேச்சும் செயலும் தரும் சிரிப்பு அது. மூன்றாவது பேதைமை, அறியாமையால் ஒன்றை வேறொன்றாக விளங்கிக்கொள்வதால் வருவது. நான்காவது மடன். ஒருவர் சொல்லிக் கொடுத்ததை அப்படியே பிடித்துக்கொண்டு, இடம் மாறினாலும் அதை விடாமல் நிற்கும் குணம் இது. பேதைமையும் மடனும் ஒன்றுபோலத் தோன்றினாலும் ஒன்றல்ல. பேதைக்கு விடயம் தெரியாது. மடவோனுக்குத் தெரியும், ஆனால் தெரிந்தது அது ஒன்றுதான்.

ஒரு நல்ல நகைச்சுவைக் குழுவை எடுத்துப் பார்த்தால் இந்த நான்கும் வெவ்வேறு ஆட்களிடம் பகிரப்பட்டிருப்பதைக் காணலாம். இதை நினைவில் வைத்துக்கொண்டு ‘லொள்ளு சபா’வுக்குள் நுழைவோம்.

‘லொள்ளு சபா’ என்னும் நிகழ்ச்சி

தமிழ்நாட்டின் விஜய் தொலைக்காட்சியில் 2000ஆம் ஆண்டுகளின் முதற்பாதியில் தொடங்கிச் சில ஆண்டுகள் வாராவாரம் ஒளிபரப்பான நிகழ்ச்சி ‘லொள்ளு சபா’. இதன் இயக்குநர் ராம்பாலா. இன்று உயர்தரம் படிக்கும் நாங்கள் கைக்குழந்தைகளாக இருந்த காலத்தை ஒட்டியே இது முடிந்துபோயிற்று. எங்கள் உம்மா, வாப்பா, சாச்சாமார் இதைச் செய்மதித் தொலைக்காட்சியிலும் இறுவட்டுகளிலும் பார்த்திருக்கிறார்கள். நாங்கள் யூடியூபில் பார்க்கிறோம். குண்டசாலையில் ஒரே வீட்டில் இரண்டு தலைமுறை ஒரே இடத்தில் சிரிக்கும் நிகழ்ச்சிகள் அதிகம் இல்லை. இது அவற்றில் ஒன்று.

பெயரிலேயே நிகழ்ச்சியின் இயல்பு தெரிகிறது. ‘லொள்ளு’ என்பது குறும்பும் ஏட்டிக்குப் போட்டியும் கலந்த பேச்சைக் குறிக்கும் வழக்குச் சொல். ‘சபா’ என்பது சென்னையில் கச்சேரியும் நாடகமும் நடத்தும் மரியாதைக்குரிய மன்றங்களின் பெயர். மரியாதைக்குரிய ஒன்றின் பக்கத்தில் குறும்பைக் கொண்டுபோய் உட்கார வைப்பதே இந்நிகழ்ச்சியின் வேலை.

செய்முறை எளிமையானது. எல்லோரும் பார்த்த ஒரு தமிழ்ப் படத்தை எடுத்துக்கொள்வார்கள். தலைப்பைச் சற்றுத் திரிப்பார்கள். கதையின் முக்கியக் கட்டங்களை வரிசை மாறாமல் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்திலும் மூலப்படம் மறைத்துவிட்ட ஒரு கேள்வியை எழுப்புவார்கள். ஒரே ஆள் இருபது பேரை அடிக்கும்போது மற்றப் பத்தொன்பது பேரும் ஏன் முறை வரும்வரை காத்திருக்கிறார்கள்? சாகப் போகிறவர் எப்படி அவ்வளவு நேரம் பேசுகிறார்? இவ்வாறான கேள்விகளே அங்கு காட்சியாகின்றன. காட்சியமைப்புக்கும் உடைக்கும் பெரிய செலவு கிடையாது. பொய்முடி பொய்முடியாகவே தெரியும். அதுவும் சிரிப்பின் ஒரு பகுதியாகிவிடும்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நேயரின் மனத்தில் மூலப்படம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகவே இந்நிகழ்ச்சியின் அத்திவாரம் எந்த நடிகரிடமும் இல்லை, அனைவரும் அறிந்த கதையிடம் இருக்கிறது. மேலும் இதன் நாயகன் ஒரு வாரம் தாதாவாகவும் மறுவாரம் காதலனாகவும் பிறகு காவல்துறை அதிகாரியாகவும் வருகிறான். நிலையான பாத்திரம் எவருக்கும் எழுதிக் கொடுக்கப்படவில்லை. இந்த அமைப்பு பின்னால் பெரிதும் உதவியது.

மூன்று தலைவர்கள், ஒரே குழு

இந்நிகழ்ச்சியின் தொடக்கக் காலத்தில் நாயக வேடங்களைத் தாங்கியவர் பாலாஜி. அவருக்குப் பின் அந்த இடத்துக்கு வந்தவர் சந்தானம். அவருக்குப் பின் வந்தவர் ஜீவா. ஒரு சில ஆண்டுகளுக்குள் இரண்டு முறை தலைமை மாறியிருக்கிறது.

சந்தானம் விலகிய காலமே நாம் ஆராயும் மாறுகாலம். அவர் முன்னர் வின் தொலைக்காட்சியில் ‘டீக்கடை பெஞ்ச்’ நிகழ்ச்சியில் நடித்தவர். லொள்ளு சபாவில் அவருடைய பலம் எள்ளல். எதிரே நிற்பவர் வசனத்தை முடிப்பதற்குள் பதில் வந்துவிடும். அந்தப் பதில் மூலப்படத்தையும் குத்தும், எதிரே நிற்பவரையும் குத்தும், சில வேளைகளில் சந்தானத்தையே குத்தும். இதைக் கவனித்த நடிகர் சிலம்பரசன் தமது ‘மன்மதன்’ படத்தில் அவருக்கு வாய்ப்பளித்தார். அப்படம் 2004 தீபாவளிக்கு வெளியானது. அதன்பின் திரைப்பட வாய்ப்புகள் பெருகப் பெருக, சின்னத்திரையிலிருந்து அவர் நகர்ந்தார். ‘சிவா மனசுல சக்தி’ (2009), ‘பாஸ் என்கிற பாஸ்கரன்’ (2010), ‘ஒரு கல் ஒரு கண்ணாடி’ (2012) முதலிய படங்களில் அவர் பெற்ற இடம் அனைவரும் அறிந்தது.

அவர் விட்டுச் சென்ற இடத்தில் நின்ற ஜீவாவின் நிலையை எண்ணிப் பாருங்கள். நேயர் அவரைப் பார்க்கும்போது முதலில் பார்ப்பது அவரை அல்ல, அவருக்கு முன் நின்றவரை. இரண்டு வழிகள் அவருக்கு இருந்தன. சந்தானத்தைப் போலவே வாய்க்கு வாய் பதிலடி கொடுப்பது ஒன்று. தம்மிடம் உள்ளதை வைத்து வேறுவிதமாகச் சிரிக்க வைப்பது மற்றொன்று. ஜீவா ரஜினிகாந்தின் நடையையும் பாவனையையும் பிரதிசெய்வதில் பெயர் பெற்றவர். அவர் நாயகனாகும்போது சிரிப்பு உடலுக்கு இடம் மாறுகிறது. சந்தானம் பெரிய நாயகர்களின் வீரத்தை வெளியே நின்று கிண்டல் செய்தார். ஜீவா அந்த வீரத்தை உள்ளே போட்டுக்கொண்டு, அளவுக்கு மீறி நடித்துக் காட்டினார். முன்னையது எள்ளல். பின்னையது பெரிதும் மடன்: கற்றுக்கொண்ட ஒரு பாணியை, பொருந்தாத இடத்திலும் விடாமல் பிடித்திருக்கும் நாயகனின் நகை.

ஆனால் இந்த மாற்றத்தைத் தாங்கியது ஜீவா மட்டுமல்ல. அவரைச் சுற்றி நின்றவர்கள் மாறவில்லை. எதையும் விளங்காத முகத்தோடு நிற்கும் சுவாமிநாதன் இருந்தார். கையையும் காலையும் உதறிக்கொண்டு தனி இழுவையில் பேசும் மனோகர் இருந்தார். சேஷுவும் மாறனும் குழுவில் உண்டு. நான்கு வகை நகையில் ஒன்று மாறியபோது மற்றவை இருந்த இடத்திலேயே இருந்தன. எழுத்தும் இயக்கமும் அதே ராம்பாலாவின் கையில் இருந்தன. நேயர் புதிய நாயகனோடு பழகும்வரை பழைய முகங்கள் அவரைக் கைப்பிடித்து அழைத்துச் சென்றன.

இன்னொருவரையும் இங்கு சொல்ல வேண்டும். இந்நிகழ்ச்சியில் மிகச் சிறு வேடங்களில் வந்துபோனதோடு, ராம்பாலாவிடம் காட்சிகள் எழுதுவதிலும் உதவியாக இருந்த ஓர் இளைஞர் இருந்தார். 2009இல் வெளியான ‘யோகி’ படத்தில் நடித்ததால் அப்படத்தின் பெயர் அவருடன் ஒட்டிக்கொண்டது. அவர்தான் இன்று தமிழ்த் திரையில் முன்னணி நகைச்சுவை நடிகராக விளங்கும் யோகி பாபு. எல்லோரும் முன்வரிசையைப் பார்த்து ‘இனி யார்?’ என்று கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், அந்தக் கேள்விக்கான விடைகளில் ஒன்று பின்வரிசையில் நின்றுகொண்டிருந்தது.

நியூயோர்க்கில் நடந்த கதை

இதே சிக்கல் மிகப் பெரிய அளவில் நிகழ்ந்த இடம் அமெரிக்கா. என்.பி.சி. தொலைக்காட்சியில் 1975 ஒக்டோபர் 11 அன்று தொடங்கிய ‘சட்டர்டே நைட் லைவ்’ உலகில் மிக நீண்ட காலம் ஓடிவரும் துணுக்கு நாடக நிகழ்ச்சிகளில் ஒன்று. சனிக்கிழமை இரவு 11.30க்கு நியூயோர்க்கிலிருந்து நேரடியாக ஒளிபரப்பாகும். 2025இல் பொன்விழாவும் கண்டுவிட்டது. அது எத்தனையோ முறை ஆள் மாறியிருக்கிறது. அவற்றுள் இரண்டு மாற்றங்கள் நம் ஆய்வுக்கு உதவும்.

முதல் மாற்றம் சிறியது. தொடக்கக் குழுவில் மிகுந்த புகழ் பெற்ற செவி சேஸ் 1976இல் விலகினார். 1977 ஜனவரியில் பில் மரே சேர்க்கப்பட்டார். நேயர் அவரை உடனே ஏற்கவில்லை. சில வாரங்களின் பின், மரே மேசைக்குப் பின்னால் அமர்ந்து நேராகக் கமராவைப் பார்த்து, தான்தான் அந்தப் புதிய ஆள் என்றும், இதுவரை தான் சரியாகச் சோபிக்கவில்லை என்றும், நேயரின் ஆதரவு தனக்கு வேண்டும் என்றும் பேசினார். அந்தப் பேச்சே ஒரு நகைச்சுவைத் துணுக்காக அமைந்தது. மறைக்க வேண்டிய சங்கடத்தை அவர் காட்சியாக்கினார். அதன்பின் அவர் அக்குழுவின் தூண்களில் ஒருவரானார்.

செவி சேஸ் வாசித்துவந்த பொய்ச்செய்தி அறிக்கை ஜேன் கேர்ட்டினிடம் வந்தது. அவர் சேஸைப் போல வாசிக்கவில்லை. கண்டிப்பான செய்தி வாசிப்பாளராக வாசித்தார். மேசை அதே மேசை, குரல் வேறு. ஐம்பது ஆண்டுகளில் எத்தனையோ பேர் அமர்ந்த பின்னும் அந்தச் செய்தி மேசை இன்றும் இருக்கிறது.

இரண்டாவது மாற்றம் பெரியது. 1980இல் நிகழ்ச்சியை உருவாக்கிய தயாரிப்பாளர் லோர்ன் மைக்கேல்ஸ் விலகினார். அவரோடு நடிகர்களும் எழுத்தாளர்களும் ஏறத்தாழ முழுமையாக வெளியேறினர். ஜீன் டுமேனியன் புதிய தயாரிப்பாளரானார். புதிய குழு 1980 நவம்பர் 15 அன்று மேடையேறியது. அதன் முதற்காட்சியிலேயே புதியவர்கள் தங்களைப் பழையவர்களோடு ஒப்பிட்டு அறிமுகம் செய்துகொண்டனர். சார்ள்ஸ் ராக்கெட் என்ற நடிகர் தன்னைச் செவி சேஸும் பில் மரேயும் கலந்த ஒருவராகக் கூறிக்கொண்டார். அதை வேடிக்கையாகத்தான் சொன்னார்கள். ஆயினும் அதன் விளைவு வேடிக்கையாக இல்லை. ‘நாங்கள் அவர்களின் நகல்’ என்று தாமே சொன்னபின் நேயர் நகலையும் அசலையும் ஒப்பிடாமல் வேறென்ன செய்வர்? விமர்சனங்கள் கடுமையாக இருந்தன. பன்னிரண்டு நிகழ்ச்சிகளோடு, 1981 மார்ச்சில் டுமேனியன் நீக்கப்பட்டார்.

தோல்வி என்று எல்லோரும் எழுதிவைத்த அந்தப் பருவத்தின் நடுவே ஒரு சம்பவம் நடந்தது. 1981 ஜனவரியில் ஒரு நாள், நிகழ்ச்சி குறித்த நேரத்துக்குச் சில நிமிடங்கள் முன்னதாகவே முடிந்துவிடும் போலிருந்தது. நேரடி ஒளிபரப்பில் வெறுந்திரையைக் காட்ட முடியாது. அப்போது குழுவின் ஓரத்தில் இருந்த 19 வயது இளைஞர் ஒருவரைத் தனியாக மேடைக்கு அனுப்பினார்கள். அவர் எவருடைய சாயலும் இல்லாமல் தம் பேச்சையே பேசினார். அவர் எடி மர்பி. டுமேனியனுக்குப் பின் வந்த டிக் எபர்சோல், அந்தப் பருவத்துக்கென எடுக்கப்பட்ட புதிய நடிகர்களில் அடுத்த பருவத்துக்கு வைத்துக்கொண்டது மர்பியையும் ஜோ பிஸ்கோபோவையும் மட்டும்தான். அடுத்த சில ஆண்டுகள் அந்த நிகழ்ச்சியைத் தாங்கி நிறுத்தியவர் மர்பியே.

சென்னையையும் நியூயோர்க்கையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு தெளிவாகிறது. லொள்ளு சபாவில் தலை மாறியது, உடல் மாறவில்லை. நியூயோர்க்கில் 1980இல் தலையும் உடலும் ஒரே நாளில் மாறின. புதியவரைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லப் பழைய முகம் ஒன்றுகூட இருக்கவில்லை. ஆயினும் இரண்டிலும் பொதுவானது ஒன்றுண்டு. மீட்பு வந்தது சென்றவரின் நகலிடமிருந்து அல்ல.

எங்கள் நாட்டுக் கோமாளிகள்

இதற்கு நேர்மாறான ஓர் எடுத்துக்காட்டு நம் நாட்டிலேயே இருக்கிறது. அது வானொலிக்குரியது. இலங்கையில் தொலைக்காட்சி 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சியோடு தொடங்கி, 1982இல் ரூபவாஹினியோடு பரவியது. அதற்கு முந்திய காலத்தில் இலங்கை வானொலியில் பெரும் வரவேற்புப் பெற்றது எஸ். ராம்தாஸ் எழுதிய ‘கோமாளிகளின் கும்மாளம்’. 1976இல் அது ‘கோமாளிகள்’ என்ற திரைப்படமாகவும் வந்தது.

அதன் சிரிப்பு பேச்சுவழக்குகளிலிருந்து பிறந்தது. நம் முஸ்லிம் மக்களின் பேச்சோடு ‘மரிக்கார்’ வந்தார். யாழ்ப்பாணப் பேச்சோடு ‘அப்புக்குட்டி’ வந்தார். சிங்கள வாடையோடு தமிழ் பேசும் ‘உபாலி’ வந்தார். பிராமணப் பேச்சோடு ஓர் ‘ஐயர்’ வந்தார். மரிக்காராக நடித்தவர் ராம்தாஸ். ஐயராக நடித்தவர் நம் அன்புக்குரிய அறிவிப்பாளர் பி. எச். அப்துல் ஹமீட். முஸ்லிமாக ஒரு தமிழரும், ஐயராக ஒரு முஸ்லிமும் நடித்து, அதைக் கேட்டு நாடே சிரித்திருக்கிறது என்பதை இன்றைய மாணவியர் அறிந்திருப்பது நல்லது.

இங்கே நடிகர்களின் பெயர்களைக் கவனியுங்கள். ‘மரிக்கார்’ ராம்தாஸ், ‘உபாலி’ செல்வசேகரன், ‘அப்புக்குட்டி’ ராஜகோபால் என்றே அவர்கள் வாழ்நாள் முழுவதும் அழைக்கப்பட்டனர். பாத்திரத்தின் பெயர் ஆளோடு ஒட்டிக்கொண்டது. இனி லொள்ளு சபாக்காரரின் பெயர்களைப் பாருங்கள். ‘லொள்ளு சபா’ ஜீவா, ‘லொள்ளு சபா’ மனோகர், ‘லொள்ளு சபா’ மாறன், 2024இல் காலமான ‘லொள்ளு சபா’ சேஷு. இங்கே ஒட்டிக்கொண்டது நிகழ்ச்சியின் பெயர்.

இந்தச் சிறு வேறுபாட்டிலேயே விடை அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து. பாத்திரத்தில் தங்கிய நகைச்சுவை ஆளோடு போய்விடும். மரிக்காரை ராம்தாஸ் அல்லாத ஒருவர் நடித்தால் அது வேறு மரிக்கார்தான். அது குறையல்ல, அந்தக் கலையின் பெருமையே அதுதான். ஆனால் அதை அடுத்தவர் கையில் ஒப்படைக்க இயலாது. அமைப்பில் தங்கிய நகைச்சுவை அப்படியல்ல. அது ஒரு வீட்டைப் போன்றது. குடியிருப்பவர் மாறலாம். புதிதாக வருபவர் தம் சாமான்களை வைத்துக்கொள்ள இடமும் இருக்கும்.

எதை விட்டுவிடலாம்?

மாறுகாலத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. எதைத் தொடர்வது என்று தீர்மானிக்கும்போதே எதை விட்டுவிடுவது என்றும் தீர்மானிக்கலாம். லொள்ளு சபாவை விரும்பிப் பார்க்கும் எவரும் ஒன்றை ஒப்புக்கொள்வர். அதிலும், அதன்வழி திரைக்குச் சென்ற நகைச்சுவையிலும் நிறத்தையும் உடற்பருமனையும் தோற்றத்தையும் கேலி செய்யும் இடங்கள் பல உள்ளன. ஆண்கள் பெண்வேடம் போட்டு வருவதே சிரிப்புக்குப் போதும் என்று விடப்பட்ட காட்சிகளும் உள்ளன. உம்மாவோடும் தங்கையோடும் அமர்ந்து பார்க்கும்போது கை தானாக ரிமோட்டைத் தேடும் இடங்கள் அவை.

எள்ளலுக்கு இரண்டு திசைகள் உண்டு. இருபது பேரை ஒருவராக அடிக்கும் நாயகனை எள்ளினால் அது மேல்நோக்கிப் போகிறது. அவருடைய பெருமை நம் சிரிப்பால் உடைந்துவிடாது. வகுப்பில் கறுப்பாக இருக்கும் ஒரு பிள்ளையின் நிறத்தை எள்ளினால் அது கீழ்நோக்கிப் போகிறது. அந்தப் பிள்ளை அதை வீட்டுக்குக் கொண்டு போகிறாள். லொள்ளு சபாவில் இன்றும் பழசாகாமல் இருக்கும் இடங்கள் பெரும்பாலும் முதல் வகையைச் சேர்ந்தவை என்பதைப் பார்ப்பவர்கள் தாமே சோதித்துக்கொள்ளலாம்.

நம் மேடைக்கு வருவோம்

தமிழ்மொழித்தினப் போட்டிக்கும் கலைவிழாவுக்கும் நகைச்சுவை நாடகம் தயாரிக்கும்போது நாம் என்ன செய்கிறோம்? சென்ற ஆண்டு பரிசு பெற்ற நாடகத்தை எடுத்துக்கொள்கிறோம். அதில் நடித்த அக்கா இப்போது இல்லை. அவரைப் போலவே குரல் உள்ள ஒருவரைத் தேடுகிறோம். கிடைக்காவிட்டால் ‘இந்த முறை சரிவராது’ என்கிறோம். இது 1980இல் நியூயோர்க்கில் நடந்ததன் சிறு வடிவம்.

வேறு வழியும் உண்டு. எங்கள் நாடகக் குழுவில் அதை நான் கண்டேன். ஒரு நாடகத்தில் கடை முதலாளி வேடம் ஒன்று உண்டு. அதை நடித்த மூத்த மாணவிக்கு இடி போன்ற குரல். அவர் ஒரு முறை அதட்டினால் மண்டபத்தின் கடைசி வரிசைவரை சிரிக்கும். அவர் உயர்தரப் பரீட்சை எழுதி விலகியபின் அந்த வேடம் வந்து சேர்ந்தது மிக மெல்லிய குரல் கொண்ட பத்தாம் தர மாணவி ஒருவருக்கு. முதல் ஒத்திகையில் அவர் அதட்டியது பக்கத்தில் நின்றவருக்கே கேட்கவில்லை. எங்கள் பொறுப்பாசிரியை அவரைச் சத்தமாகப் பேசச் சொல்லவில்லை. எழுத்துப் பிரதியை மாற்றச் சொன்னார்.

புதிய பிரதியில் முதலாளி காதோடு காதாகத்தான் பேசுவார். அவர் கிசுகிசுப்பதைக் கேட்டுக் கணக்கப்பிள்ளை உரத்த குரலில் கடை முழுவதற்கும் அறிவிப்பார். முதலாளி கடன்காரருக்குப் பயந்து மெல்லச் சொல்வதையும் அவர் உரக்கச் சொல்லிவிடுவார். சொன்னதை அப்படியே சொல்வதைத் தவிர அவருக்கு வேறொன்றும் தெரியாது. தொல்காப்பியர் சொன்ன மடன் இதுதான். வேடம் அதே வேடம். கடை அதே கடை. சிரிப்பு மட்டும் முதலாளியிடமிருந்து கணக்கப்பிள்ளையிடம் இடம் மாறியது. அந்த மெல்லிய குரல் குறையாக இல்லாமல் நாடகத்தின் அச்சாணியாயிற்று.

மேலே கண்ட எடுத்துக்காட்டுகளிலிருந்து நம் மன்றங்களுக்கு மூன்று விடயங்களைப் பெற்றுக்கொள்ளலாம்.

முதலாவது, எல்லோரும் ஒரே ஆண்டில் விலகும்படி குழுவை அமைக்கக் கூடாது. உயர்தர மாணவியர் நாயகர்களாக இருக்கும்போதே ஒன்பதாம், பத்தாம் தர மாணவியர் கடிதம் கொண்டு வருபவராகவாவது மேடையில் நிற்க வேண்டும். ஓரத்தில் நின்றவர்களிலிருந்தே எடி மர்பியும் யோகி பாபுவும் வந்தார்கள்.

இரண்டாவது, மேசையை வைத்துக்கொண்டு குரலை மாற்ற வேண்டும். நாடகத்தின் அமைப்பு தொடரலாம். ஆனால் வசனம் இப்போது இருப்பவருக்காக எழுதப்பட வேண்டும். ஆளுக்கு ஏற்பச் சட்டை தைப்பதுதான் வழக்கம். சட்டைக்கு ஏற்ப ஆளைத் தேடுவதில்லை.

மூன்றாவது, பார்வையாளருக்கு உரியது. புதிதாக மேடையேறுபவரை முதல் நாளிலேயே சென்றவரோடு ஒப்பிடாமல் சில நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும். பில் மரேக்கே சில வாரங்கள் தேவைப்பட்டன. பத்தாம் தரப் பிள்ளைக்கு ஒரு தவணையாவது கொடுக்கலாம்.

முடிவுரை

ஆள் மாறினால் நகை மாறுமா என்பது தலைப்பிலுள்ள கேள்வி. மாறும் என்பதே விடை. பாலாஜியின் லொள்ளு சபாவும் சந்தானத்தின் லொள்ளு சபாவும் ஜீவாவின் லொள்ளு சபாவும் ஒன்றல்ல. மாறக் கூடாது என்று பிடிவாதம் பிடிக்கும்போதே குழு உடைகிறது. மாறினாலும் நகை அழிந்துவிடாது. எள்ளல் குறைந்த இடத்தில் மடன் வரலாம், பேதைமை வரலாம், இளமையும் வரலாம். நான்கு வழிகளில் ஒன்று அடைபட்டால் மற்ற மூன்றும் திறந்தே இருக்கின்றன.

சந்தானம் பின்னர் தாமே கதாநாயகனாக நடித்த ‘தில்லுக்கு துட்டு’ (2016) படத்தை இயக்கியவர் அதே ராம்பாலா. சந்தானம் நாயகனான பல படங்களில் பழைய குழுவினரும் அவரோடு நின்றார்கள். விலகிச் சென்றவரும் தங்கி நின்றவர்களும் பகைவர்கள் அல்லர் என்பதை இது காட்டுகிறது. ஆகவே இவ்வாண்டு விடைபெறும் மூத்த மாணவியர் தம் வேடங்களைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். எழுத்துப் பிரதியை மன்றத்தின் அலுமாரியில் வைத்துவிட்டுப் போகட்டும். அதில் பென்சிலால் திருத்துவதற்கு ஓரத்தில் கொஞ்சம் இடமும் விட்டுச் செல்லட்டும்.